வந்தவரை மீண்டும் அழைத்தல்: மின்னஞ்சலும் தமிழும்



இணையத்தளத்துக்கு ஒருமுறை வந்து சென்றவரை மின்னஞ்சல் வழியாக மீண்டும் வரவழைப்பது பற்றி இன்று பேச வந்துள்ளேன். இது வணிகர்க்குரிய பொருளாயிற்றே, மொழி மேடையில் இதற்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். அழைப்பு மொழியால் ஆவது. எம்மொழியில் அழைக்கப்படுகிறோமோ அம்மொழியில் வாங்கவும் விற்கவும் படிக்கவும் பழகுகிறோம். ஆகவே இது நம் பொருளும் ஆகும்.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பிரிக்பீல்ட்ஸ் வீதியிலோ கடை நடத்துபவர் வாடிக்கையாளரின் முகத்தை நினைவில் வைத்திருப்பார். அடுத்த தீபாவளிக்கு அவர் வரும்போது நலம் விசாரிப்பார். இணையத்தளத்தில் அந்த முகம் இல்லை. வந்தவர் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். அவர் யாரென்று நமக்குத் தெரியாது. அச்சிதழ்க் காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ போன்ற நாளேடுகள் நாள்தோறும் வாசகரைத் தேடிச் சென்றன. இன்று வாசகரே தளத்தைத் தேடி வரவேண்டியுள்ளது. முகநூலில் நாம் இடும் செய்தி யார் கண்ணில் படவேண்டும் என்பதை அந்நிறுவனத்தின் கணினி நெறிகள் முடிவு செய்கின்றன. வாசகர் மனமுவந்து தந்த மின்னஞ்சல் முகவரியோ நம் கையிலேயே இருக்கிறது. பழைய சந்தாதாரர் ஏட்டின் இடத்தை இன்று அதுவே நிரப்பக்கூடும்.

மின்னஞ்சலால் தமிழரை ஒன்றுகூட்டுவது நமக்குப் புதிதன்று. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘முரசு அஞ்சல்’ மென்பொருள், தன் பெயரிலேயே அஞ்சலைச் சுமந்தது. பாலா பிள்ளை தோற்றுவித்த ‘தமிழ்.நெட்’ வழியே பல நாட்டுத் தமிழர் 1990களில் தமிழிலேயே மடல் எழுதிக்கொண்டனர். 1998 பொங்கலன்று முனைவர் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழும் தன்னார்வலரை இணையத்தின் வழியே இணைத்துப் பழந்தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கியது. இவர்கள் விரும்பி வந்தவரோடு விடாது தொடர்பு கொண்டனர், அவ்வளவே.

விரும்பி வருதல் என்னும் இக்கருத்தே மின்னஞ்சல் அழைப்பின் அடிப்படை. 1978 மே 3ஆம் நாள், கணினி நிறுவன விற்பனையாளர் ஒருவர் ஏறத்தாழ நானூறு பேருக்குக் கேளாமலே ஒரு விளம்பர மடல் அனுப்பினார். எரிதங்களின் வரலாறு அன்றே தொடங்கியதாகக் கொள்வர். நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. வணிக நோக்கில் தம் தரவைக் கொண்டு நேரடி விளம்பரம் செய்வதை நிறுத்துமாறு எவரும் எழுத்து வழி கேட்கும் உரிமையை அதன் 43ஆம் பிரிவு வழங்குகிறது. தரவு எதற்காகப் பெறப்படுகிறது என்னும் அறிவிப்பு, தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்கவேண்டும் என்பதும் இச்சட்டத்தின் விதி. அவ்விரண்டோடு தமிழையும் சேர்ப்பதற்குத் தடையில்லை. தமிழ் வாசகரிடம் இசைவு கேட்கும் தளம் தமிழிலும் கேட்பதே முறை. கூகுளும் யாகூவும் 2024 பிப்ரவரி முதல் படிப்படியாக, பெருந்தொகையில் மடல் அனுப்புவோர் ஒரே சொடுக்கில் விலகும் வழியைத் தரவேண்டும் என்று விதித்துள்ளன. போக விரும்புபவருக்குக் கதவைத் திறந்து வைப்பவரிடமே மற்றவர் அச்சமின்றித் தங்குவர்.

இனி, மடலை எழுதும் முறை. பதிவு செய்தவுடன் செல்லவேண்டியது ஒரு வரவேற்பு மடல். என்ன வரும், எத்தனை நாளுக்கொருமுறை வரும் என்பதை அது சொல்லவேண்டும். அடுத்து வருபவை பயனுள்ள மடல்கள். ஒரு மடலில் ஒரு செய்தி, ஓர் இணைப்பு போதும். நெடுநாள் வாராதவருக்கு ஒரு நினைவு மடல். அதற்கும் மறுமொழி இல்லையேல், “தொடர விருப்பமா?” என்று கேட்டு, விடை வாராதபோது பெயரை நீக்கிவிடவேண்டும். தலைப்பு வரியில் முதல் சில சொற்களே கைப்பேசித் திரையில் தெரியும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை ஆதலால் முதன்மையான சொல் முன்னே வரவேண்டும். “மாபெரும் வாய்ப்பு! உடனே விரைவீர்!” என்பதில் செய்தியே இல்லை. “நான்காம் ஆண்டு இலக்கணம்: புதிய பத்து வினாக்கள்” என்று ஒரு புத்தகக் கடை எழுதினால், ஆசிரியர் திறந்து பார்ப்பார்.

தமிழாசிரியரின் துணை இங்குதான் இன்றியமையாததாகிறது. ஆயிரம் பேருக்குச் செல்லும் மடலில் பெயர்களை இயந்திரம் பொருத்துகிறது. ஆங்கிலத்தில் பெயர் மாறாது நிற்கும். தமிழிலோ வேற்றுமை உருபு ஏற்கும்போது பெயரின் வடிவம் மாறும். கண்ணன் கண்ணனை ஆவான். கலா கலாவை ஆவாள். கோமதி கோமதியை ஆவாள். இலக்கணம் அறியாத இயந்திரம் ‘கலாஐ’ என்று ஒட்டிவிடும். ‘கலா அவர்களை’, ‘கண்ணன் அவர்களுக்கு’ என எழுதினால் உருபு ‘அவர்கள்’ என்பதோடு சேர்ந்துகொள்ளும், மதிப்பும் குன்றாது. ‘வந்தான், வந்தாள்’ என்று பால் காட்டாமல் ‘வந்தீர்கள்’ என்று முன்னிலையில் எழுதுவதும் அவ்வாறே. மேலும், நம் நாட்டில் பெயர்கள் உரோமன் எழுத்தில் பதிவாகின்றன. அதில் குறில் நெடில் வேறுபாடும் லகர ளகர ழகர வேறுபாடும் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆகவே இயந்திரத்தைக் கொண்டு பெயரைத் தமிழாக்குதல் ஆகாது. பதிவின்போதே தமிழ் வடிவத்தைக் கேட்டுப் பெறுதல் நன்று. தம் பெயரைப் பிழையாக எழுதியவரின் அழைப்பை யார் ஏற்பர்?

பயனை அளப்பதிலும் கவனம் வேண்டும். எத்தனை பேர் மடலைத் திறந்தனர் என்னும் எண்ணிக்கையை முன்போல் நம்புவதற்கில்லை. 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் கொண்டுவந்த தனியுரிமைக் காப்பு, வாசகர் பாராத மடலையும் பார்த்ததாகக் காட்டக்கூடும். எத்தனை பேர் தளத்துக்குத் திரும்பினர், எத்தனை பேர் மறுமொழி எழுதினர் என்பவையே நம்பத்தக்க அளவுகள்.

ஆசிரியப் பெருமக்களே, கடிதம் எழுதுதலை வகுப்பில் நெடுங்காலமாகக் கற்பித்து வருகிறீர்கள். அப்பயிற்சியில் இத்தகைய மடலுக்கும் ஓர் இடம் தாருங்கள். மாணவர்களே, உங்கள் பள்ளித் தளத்தின் முன்னாள் மாணவருக்கு ஓர் அழைப்பு மடல் எழுதிப் பாருங்கள். தலைப்பு ஒரு வரி, செய்தி ஐந்து வரி, விலகும் வழி ஒரு வரி. பிழையின்றி, மிகையின்றி, இசைவு பெற்றவர்க்கு மட்டும். இதனைச் செவ்வையாக எழுதத் தெரிந்த இளைஞர் கிடைத்தால், நம் கடைக்காரரும் பதிப்பாளரும் தமிழில் அழைக்கத் தயங்கார். அவ்வழைப்பு நின்றுபோனால் தமிழ், வகுப்பறைக்கு வெளியே வேலையற்ற மொழியாகிவிடும். அந்நிலை வாராமற் காப்பது நம் அனைவரின் கடமை.