மூன்று ரைக்குகளும் விடுபட்ட குடியரசும்



ஜெர்மானிய வரலாற்றில் முதலாம் ரைக், இரண்டாம் ரைக், மூன்றாம் ரைக் என்றொரு வரிசை கூறப்படுவதை நாம் அறிவோம். 'ரைக்' என்பதைச் சாம்ராஜ்யம் என்று மொழிபெயர்த்துவிட்டு மேலே செல்வதும் நமக்கு வழக்கமாகிவிட்டது. இவ்வரிசையைச் சற்றே ஆராய்வோம்.

கி.பி. 962-இல் முதலாம் ஆட்டோ ரோமாபுரியில் போப்பாண்டவரால் முடிசூட்டப்பெற்றார். அன்று தோன்றிய அரசே பிற்காலத்தில் புனித ரோமப் பேரரசு எனப்பட்டது. இக்காலத்து நாடுகளைப்போல் அது ஒரே ஆட்சியின்கீழ் இயங்கியதன்று. சிற்றரசுகளும், ஆயர்களின் ஆட்சிப்பகுதிகளும், தன்னுரிமை நகரங்களும் சேர்ந்த தளர்ந்த அமைப்பேயாகும். 1356-ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி எழுவர் கூடி மன்னரைத் தேர்ந்தெடுத்தனர். நெப்போலியனின் நெருக்குதலால் 1806-இல் இரண்டாம் பிரான்சிஸ் முடிதுறந்தபோது அது மறைந்தது.

இரண்டாவது ரைக், பிஸ்மார்க்கின் முயற்சியால் உருவானது. 1871 ஜனவரி 18 அன்று, பிரெஞ்சு நாட்டின் வெர்சேல்ஸ் அரண்மனையில், பிரஷ்ய மன்னர் முதலாம் வில்லியம் ஜெர்மானியச் சக்கரவர்த்தியாக அறிவிக்கப்பட்டார். முதல் உலகப் போரில் தோல்வியுற்று, 1918 நவம்பரில் அம்முடியாட்சி வீழ்ந்தது.

அடுத்து வந்தது வைமார் குடியரசு. ஜெர்மானிய ரைக் ஒரு குடியரசு என்பதே அதன் 1919-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் தொடக்கம். இங்கே ரைக் என்பதைச் சாம்ராஜ்யம் எனப் பெயர்த்தால் வாக்கியமே பொருளற்றதாகிவிடும். முடிமன்னர் இல்லாத நிலையிலும் நாடு முழுவதையும் குறிக்க அச்சொல் வழங்கியது. அக்குடியரசில் பெண்களும் வாக்களித்தனர். அரசின் அதிகாரம் மக்களிடமிருந்தே பிறந்தது.

ஆயினும் வரிசையில் அதற்கு இடமில்லை! ஏன்? 1923-இல், குடியரசு நடைபெற்றுக்கொண்டிருந்தபோதே, அதை வெறுத்த மோல்லர் வான் டென் புரூக் என்பவர் 'மூன்றாம் ரைக்' என்ற நூலை வெளியிட்டார். பழைய இரு பேரரசுகளுக்கும் தாமே வாரிசு எனக் காட்ட விரும்பிய நாஜிகள் அப்பெயரைக் கைக்கொண்டனர். 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் பிரதமரானார்; சில திங்களில் மக்களாட்சி அழிந்தது. 1939-இல் நாஜி அரசே அத்தொடரைத் தவிர்க்குமாறு பத்திரிகைகளைப் பணித்தது. 1945 மே மாதம், கோடிக்கணக்கான உயிர்கள் மாண்டபின், அவ்வாட்சியும் 12 ஆண்டுகளில் ஒழிந்தது. பெயர்மட்டும் நிலைத்துவிட்டது.

1949-இல் பிறந்த ஜெர்மானியக் கூட்டாட்சிக் குடியரசு, ரைக் என்ற சொல்லைத் தன் பெயரிலிருந்து நீக்கியது. பெர்லினிலுள்ள நாடாளுமன்றக் கட்டடம் மட்டும் இன்றும் ரைக்ஸ்டாக் என்றே வழங்குகிறது.

இனி மூன்றாம் ரைக் என்று நாம் படிக்கும்போதும் எழுதும்போதும், அவ்வெண்ணை வகுத்தவர் யார் என்பதையும், எண்ணப்படாத குடியரசையும் நினைவிற்கொள்வோமாக.