த்ரீ நாட் த்ரீயிலிருந்து கேம்ப் பெர்ரி வரை

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் செயலாளர் போன் செய்து, "இந்த வருஷம் நீதான் பேசணும்" என்றபோது, கம்ப்யூட்டர் துறையில் நான் பார்த்த வேலையைப் பற்றிப் பேசச் சொல்கிறார் என்று நினைத்தேன். "அதெல்லாம் இந்தப் பசங்களுக்கு உன்னைவிட நல்லாத் தெரியும். நீ அமெரிக்காவுல பழைய துப்பாக்கியை வச்சுக்கிட்டு போட்டிக்குப் போறியாமே, அதைப் பேசு" என்றார். அதனால்தான் இந்தத் தலைப்பு. பயப்படாதீர்கள், கையில் எதுவும் கொண்டுவரவில்லை!

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1976-ல் என்.சி.சி. முகாமில் முதன்முதலாக த்ரீ நாட் த்ரீ ரைபிளைத் தோளில் வைத்துச் சுட்டோம். ஐந்தே ஐந்து தோட்டா. பின்னுதையில் தோள்பட்டை கன்றிப்போய் இரண்டு நாள் சட்டை போடவே வலித்தது. என் ஐந்தில் இரண்டுதான் டார்கெட்டில் பட்டது. ஹவில்தார் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு முப்பது வருஷம் என் காதிலேயே இருந்தது. ஐம்பது வயதை ஒட்டி, ஒஹையோ மாநிலத்தில் வீட்டுக்கு அருகே இருந்த ரைபிள் கிளப்பில் சேர்ந்ததற்கு அந்தச் சிரிப்பும் ஒரு காரணம்.

அமெரிக்கா, துப்பாக்கி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். அந்த வேதனை எனக்கும் உண்டு. நான் சொல்லப்போவது வேறு உலகம். அங்கே எல்லோரும் வரிசையாக நின்று, கட்டளை வந்தால்தான் தோட்டாவைத் தொடுவார்கள். ஒருவர் கை தூக்கினாலும் மொத்த வரிசையும் நின்றுவிடும்.

அந்த நாட்டில் 1903-ஆம் ஆண்டிலேயே, பொதுமக்களுக்குக் குறிபார்த்துச் சுடப் பழக்குவதற்கென்று அரசு ஒரு வாரியம் அமைத்தது. அதன் வேலையை 1996 முதல் சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் என்ற தனி அமைப்பு செய்துவருகிறது. சுருக்கமாக சி.எம்.பி. என்பார்கள். ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி என்ற இடத்தில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடக்கின்றன. அதில் ஒரு பிரிவு, பழைய ராணுவ ரைபிள்களுக்கு மட்டும். சிப்பாய் கையில் கொடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். டெலஸ்கோப் கூடாது. சாமானியனுக்கு ஏற்ற விளையாட்டு இதுதான் என்று எனக்குப் பட்டது. பல ஆயிரம் டாலர் துப்பாக்கி வேண்டாம், யாரோ ஒரு ராணுவம் கழித்துக்கட்டியது போதும்.

போட்டி 200 கெஜ தூரத்தில். முதலில் சரிபார்க்க ஐந்து குண்டு. பிறகு குப்புறப் படுத்து நிதானமாகப் பத்து. அடுத்து, படுத்தபடியே 80 வினாடிக்குள் பத்து, நடுவில் ஒருமுறை நிரப்பிக்கொள்ளவும் வேண்டும். கடைசியில் நின்றபடி பத்து. மொத்தம் 300 மதிப்பெண்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. பத்து மதிப்பெண் தரும் வட்டத்தின் குறுக்களவு 7 அங்குலம். 100 கெஜத்தில் 3 அங்குலத்துக்குள் குண்டுகளைச் சேர்க்கும் ரைபிள், 200 கெஜத்தில் ஏறக்குறைய 6 அங்குலத்துக்குள் சேர்க்கும். அது போதும். நல்ல நிலையில் உள்ள பழைய ரைபிள் பலவும் இதைச் செய்யும். மதிப்பெண் போவது பெரும்பாலும் நின்று சுடும்போது. அது நம் கையின் குற்றம். ஆகவே "உலகிலேயே துல்லியமான ரைபிள் எது?" என்று அலைய வேண்டியதில்லை. "கெட்டுப்போகாத ரைபிள் எது, அதற்கு என்னால் தீனி போட முடியுமா?" இதுதான் கேள்வி.

இது எனக்கு முதலில் தெரியவில்லை. 2009-ல் ஒரு துப்பாக்கிச் சந்தையில் ரஷ்ய மோசின் நாகாந்த் 91/30 வாங்கினேன். தொண்ணூறு டாலர்! கட்டை பளபளவென்று இருந்தது. கிளப் நண்பர்களுக்கு பெருமையாகக் காட்டினேன். போட்டியில் குண்டுகள் டார்கெட் முழுக்க, கல்யாண வீட்டு அட்சதை மாதிரி சிதறின. அந்த சீசன் முழுக்க என் மூச்சைத் திட்டினேன், கண்ணைத் திட்டினேன், கண்ணாடியைக்கூட மாற்றினேன்.

கிளப்பில் ஒரு பெரியவர், வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். ஒருநாள் அவர் ரைபிளை வாங்கி, போல்ட்டைக் கழற்றி, குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தார். பிறகு மருந்தும் தோட்டாக்கூடும் இல்லாத வெறும் ஈயக் குண்டு ஒன்றை எடுத்து, அதன் மூக்கைக் குழல் வாயில் வைத்தார். அது கழுத்துவரை உள்ளே போய்விட்டது. நல்ல குழல் என்றால் பாதியிலேயே பிடித்து நிறுத்தியிருக்கும். சிப்பாய்கள் பல வருடம் இரும்புக் கம்பியை வாய் வழியாக விட்டுத் துடைத்துத் துடைத்து, உள்ளே இருக்கும் மரை அங்கே தேய்ந்துவிட்டது. குண்டு வெளியேறும் கடைசி இடம் அது. அங்கே தேய்ந்தால் குறி போச்சு. "நீ கட்டையை வாங்கியிருக்கிறாய். சுடுவது குழல் அல்லவா?" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அதோடு இன்னொரு பாடம். அந்த ரைபிளுக்கு 440 தோட்டா அடைத்த தகர டப்பா மலிவாகக் கிடைத்தது. அந்தப் பழைய தோட்டாவின் நெருப்புப் பொட்டில் உள்ள ரசாயனம், எரிந்தபின் உப்பாகக் குழலில் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும், துரு பிடிக்கும். எண்ணெயில் அது கரையாது, தண்ணீரில்தான் கரையும். நான் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். இருந்த மரையும் போயிற்று. 2021-ல் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி இல்லை என்று அமெரிக்க அரசு அறிவித்தது. மலிவுத் தோட்டாவை நம்பி மலிவுத் துப்பாக்கி வாங்கியவர்கள் கையைப் பிசைந்தார்கள்.

அன்று முதல் வாங்கும் முன் நான் பார்ப்பது நான்கு விஷயம்.

முதலாவது குழல். மரை கூர்மையாக இருக்க வேண்டும், வாய் தேயாமல் இருக்க வேண்டும். வெளியே கட்டை அழுக்காக இருந்தால் இருக்கட்டும்.

இரண்டாவது ஹெட்ஸ்பேஸ். போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி. இது அதிகமானால் தோட்டாக்கூடு வெடித்து, புகை சுடுபவர் முகத்துக்கே திரும்பலாம். இதை அளக்க 'கோ', 'நோ கோ', 'ஃபீல்ட்' என்று அளவுக்கட்டைகள் உண்டு. 'கோ'வில் போல்ட் மூட வேண்டும், 'ஃபீல்டில்' மூடவே கூடாது. இதில் 'பரவாயில்லை' என்ற பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாவது தோட்டா. ஒரு சீசனுக்கு ஆயிரம் தோட்டா என்று வையுங்கள். பழைய ராணுவ அளவுகளில் புதுத் தோட்டா ஒன்று இன்று ஒரு டாலருக்கு மேல். ஆக, ரைபிள் விலையைவிடத் தோட்டா விலை அதிகம்! செர்பியாவின் பிர்வி பார்ட்டிசான் தொழிற்சாலை இந்தப் பழைய அளவுகள் பலவற்றைச் செய்கிறது. அந்தப் பித்தளைக் கூட்டை வீட்டில் மறுபடி நிரப்பிக்கொள்ளத் தெரிந்தால் செலவு கணிசமாகக் குறையும்.

நான்காவது சைட். இளைஞர்களுக்குத் திறந்த பேக் சைட் போதும். நாற்பதைத் தாண்டினால் பேக் சைட், ஃபோர் சைட், டார்கெட் மூன்றும் ஒன்றாகத் தெரியாது. ஓட்டை வழியே பார்க்கும் சைட் என்றால், ஊசித்துளைக் கேமரா மாதிரி, கிழவன் கண்ணுக்கும் ஃபோர் சைட் தெளியும்.

இந்த நான்கையும் வைத்து ஊர் ஊராகப் பார்த்தேன். ஸ்விட்சர்லாந்தின் கே 31 அருமையான ரைபிள். போல்ட்டைத் திருப்பவே வேண்டாம், நேரே இழுத்துத் தள்ளினால் போதும். பின்தகட்டைக் கழற்றினால் அதை வைத்திருந்த சிப்பாயின் பெயர் எழுதிய சீட்டு சிலவற்றில் இருக்கும். 2000-களின் தொடக்கத்தில் நூறு, நூற்றைம்பது டாலருக்குக் கிடைத்தது. நான் தேடும்போது விலை எங்கோ போய்விட்டது. ஸ்வீடனின் மாசர் எம் 96, 6.5 மில்லிமீட்டர், பின்னுதை குறைவு, தோளுக்கு இதம். கட்டையில் உள்ள பித்தளை வில்லையில் குழலின் நிலையைக் குறித்திருப்பார்கள். ஆனால் அதன் சைட் 300 மீட்டரில்தான் ஆரம்பம். 200 கெஜத்தில் குண்டு மேலே போகும், தாழ்த்திக் குறிவைக்கப் பழக வேண்டும். அமெரிக்கர்களின் எம் 1 காரண்ட் தானாக நிரப்பிக்கொள்ளும், ஓட்டை சைட் உண்டு. அந்நாட்டுக் குடிமக்களுக்கு சி.எம்.பி.யே பரிசோதித்து விற்கிறது, கையிருப்பு குறைந்துகொண்டே வருகிறது. முதல் ரைபிள் வாங்கும் அமெரிக்கர் யாராவது என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன். விலை ஆயிரம் டாலரைத் தொட்டாலும், ஏமாற்றம் இல்லை. 1903 ஏ 3 ஸ்பிரிங்ஃபீல்டும் நல்லதே.

இந்தத் தேடலில்தான் ஒருநாள் ஒரு கடையில் அதைப் பார்த்தேன். குட்டை மூக்கு, நமக்குப் பழகிய உருவம். எடுத்துத் திருப்பினால் பக்கவாட்டில் நம் அசோகச் சின்னம்! கீழே ஆர்.எஃப்.ஐ. - ரைபிள் ஃபேக்டரி, இஷாப்பூர். மேற்கு வங்காளத்தில் செய்த 2ஏ1. 1962 சீனப் போருக்குப் பிறகு, நம் பழைய த்ரீ நாட் த்ரீ வடிவத்திலேயே, 7.62 தோட்டாவுக்கென்று வலுவான எஃகில் செய்தது. பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், அந்நியக் கடைச் சுவரில் நம் ஊர்ச் சிங்கம். கண் கலங்கிவிட்டது என்றால் நம்புவீர்களா? விலையும் குறைவு. பணத்தை எடுத்துவிட்டேன்.

கூட வந்த பெரியவர் கையைப் பிடித்தார். "அளந்துவிட்டு அழு" என்றார். பார்த்தால் போல்ட்டில் ஒரு எண், உடலில் வேறு எண். எங்கோ மாறிவிட்டிருக்கிறது. அளவுக்கட்டையை வைத்தார். 'ஃபீல்டில்' போல்ட் வெண்ணெய் மாதிரி மூடிக்கொண்டது. கடைக்காரர் "எல்லாம் சுடும் சார்" என்றார். நான் இரண்டு நிமிடம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வீடு வரும்வரை பேசவில்லை. இஷாப்பூர் செய்ததில் குறை இல்லை. யாரோ பிற்பாடு போல்ட்டை மாற்றியதன் வினை அது. நல்ல 2ஏ1 கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். என் கைக்கு வந்தது அது அல்ல, அவ்வளவுதான்.

கடைசியில் நான் வாங்கியது லீ என்ஃபீல்ட் நம்பர் 4. நம் த்ரீ நாட் த்ரீயின் தம்பி. அதே தோட்டா, ஆனால் பின்னால் ஓட்டை சைட். கட்டையில் ஒரு விரிசலை யாரோ ஒட்டவைத்திருந்தார்கள், பார்க்க அழகில்லை. குழல் கண்ணாடி. ஹெட்ஸ்பேஸ் சரி. அதன் குழல் அளவுகள் ஒன்றுக்கொன்று மாறும் என்பதால், மெல்லிய ஈயக் குண்டைக் குழலில் தள்ளி எடுத்து அளந்து, அதற்கேற்ற குண்டையே நிரப்புகிறேன். கேம்ப் பெர்ரியில் அதைக்கொண்டு 300-க்கு 261 எடுத்தேன். பதக்கம் எதுவும் இல்லை. ஹவில்தார் இருந்திருந்தால் இன்னும் சிரித்திருப்பார்; கொஞ்சம் குறைவாக.

தம்பி தங்கைகளே, இந்த ரைபிள்களில் பலவற்றை நம் நாட்டில் சாதாரணக் குடிமக்கள் வாங்க முடியாது. த்ரீ நாட் த்ரீயும் 7.62-ம் சட்டம் தடை செய்த அளவுகள். வாங்கவும் வேண்டாம். உங்களுக்கு என்.சி.சி.யின் பாயிண்ட் டூ டூ ரைபிள் இருக்கிறது, கிளப்புகளில் பத்து மீட்டர் ஏர் ரைபிள் இருக்கிறது. ஆர்வம் இருந்தால் அங்கே தொடங்குங்கள். மூச்சும் ட்ரிகரும் எல்லாத் துப்பாக்கிக்கும் ஒன்றுதான்.

ஆனால் நாளை செகண்ட் ஹாண்ட் பைக்கோ வீடோ எதுவோ வாங்கப் போவீர்கள். பெயின்ட் பளபளக்கும், விலை குறைவாக இருக்கும், சில சமயம் மனசும் கலங்கும். அப்போது அந்தப் பெரியவர் சொன்னதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். அளந்துவிட்டு அழுங்கள்.