உங்கள் பெயரில் இருக்கும் பணம்



நான் மதுரங்குளிப் பெண். தொழிற்சாலை ஒன்றின் சம்பளப் பிரிவில் வேலை செய்தேன். ஈ.பி.எப். பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆசிரியைகளாகப் போனவர்களுக்கு அரச ஓய்வூதியம் இருக்கிறது. ஆடைத் தொழிற்சாலை, இறால் பண்ணை, தனியார் கடை, கந்தோர் என்று போன எங்களுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம் தந்த ஊழியர் சேமலாப நிதிதான் உண்டு.

என் பிழையை முதலில் சொல்கிறேன். 1996இல், 24 வயதில் கலியாணம். கலியாணத்துக்காக வேலையை விட்டால் பெண்கள் அந்தப் பணத்தை எடுக்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. சுமார் 40,000 ரூபாய். கைக்கு வந்ததும் இரண்டு வளையலாயிற்று. பிறகு வளையல் அடகுக்குப் போயிற்று. மூன்று வருடத்தில் நான் மறுபடி வேலைக்குப் போய், பூச்சியத்திலிருந்து தொடங்கினேன். எடுக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, எடுக்கவேண்டும் என்று அல்ல. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. விட்டு வைத்தால் வேலை இல்லாத காலத்திலும் வட்டி சேரும். ஆண்டுக்கு 9 வீதம் என்று வைத்தாலும் 50 வயதில் ஒன்பது மடங்குக்கு மேல். எனக்கு 50 வந்தது 2022இல். அந்த செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதம். ஒன்பது மடங்கு என்றாலும் சாமானுக்கு அது ஒன்பது மடங்காக இருந்திராது. ஆனாலும் வளையலை விட மேல்.

இனிக் கணக்கு. உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுகிறார்கள், முதலாளி 12 வீதம் போடவேண்டும். 40,000 ரூபாய்க்கு 3,200உம் 4,800உம், மாதம் 8,000. ஈ.ரி.எப். 3 வீதம் வேறு. அது முழுக்க முதலாளியின் பணம், உங்களிடம் வெட்டவே கூடாது. ஓவர்டைமுக்கு இல்லை. ஆனால் வாழ்க்கைச் செலவுப் படி, சாப்பாட்டின் பெறுமதி எல்லாம் கணக்கில் சேரும். அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாகக் காட்டி மிச்சத்தை வேறு பெயரில் தருகிற இடங்கள் இருக்கின்றன. சம்பளத் துண்டை வாசியுங்கள், பிள்ளைகளே.

வெட்டினார்கள் என்பதற்காகக் கட்டினார்கள் என்று ஆகாது. நான் பார்த்த ஒரு தாத்தா பதினொரு வருடம் வேலை செய்தவர். கணக்கில் ஏழு வருடம்தான் இருந்தது. நாலு வருடச் சம்பளத் துண்டுகளை பிஸ்கட் டின்னில் வைத்திருந்தபடியால் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்க முடிந்தது. அப்படிப்பட்ட நிலுவையை முதலாளியிடமிருந்து நீதிமன்றம் மூலமும் அறவிடலாம்.

அடையாள அட்டையில் ஒரு பெயர், கம்பனியில் இன்னொரு பெயர் என்றால் வேலையில் இருக்கும்போதே திருத்துங்கள். கலியாணமானதும் பின்னுரித்தாளியையும் புதிதாக எழுதிக் கொடுங்கள். பத்து வருடச் சேவையும் மூன்று இலட்சம் மீதியும் இருந்தால் வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30 வீதம் எடுக்கலாம். கடனுக்குப் போகுமுன் அதை யோசியுங்கள். ஆனால் அதுவும் உங்கள் முதுமையிலிருந்து எடுப்பதுதான். வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேறியவர்கள் வயது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பழைய சம்பளத் துண்டும் அடையாள அட்டையும் கொண்டு வந்தவர்கள் தேநீருக்குப் பிறகு பின் வரிசைக்கு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.