வலியும் மனக்கலக்கமும்

(பொன்விழா ஆண்டின் நோயாளர் நாள் கூட்டத்தில், நோயுற்றோரைச் சந்திக்கும் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



நோயுற்றோரின் இல்லங்களுக்குச் சென்றுவரும் நாங்கள், அங்கே அடிக்கடி காண்கிற ஒன்றை உங்கள்முன் வைக்க விரும்புகிறோம். புற்றுநோய் கண்டவரிடம், "வலி எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், வீட்டார் முன்னிலையில் "பரவாயில்லை" என்பார். அவர்கள் அப்பால் சென்றதும், "இரவெல்லாம் உறக்கமில்லை, வலி கூடும்போதெல்லாம் நோய் பரவிவிட்டதோ என்று பயமாயிருக்கிறது" என்பார்.

வலி அச்சத்தை வளர்க்கிறது. அச்சமோ உறக்கத்தைக் கெடுக்கிறது, தசைகளை இறுக்குகிறது, நினைவு முழுவதையும் வலியின்மீதே திருப்புகிறது. ஆகவே வலி இன்னும் பெரிதாகிறது. இது வெறும் மனப்பிரமை அன்று. 1967ல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் இதனை 'முழுமையான வலி' என்றார். உடல் நோவு, மனக்கவலை, குடும்பத்தைப் பற்றிய ஏக்கம், ஆன்மத் தவிப்பு ஆகிய நான்கும் ஒன்றாய்ப் பின்னிக் கிடப்பதை அவர் கண்டார்.

எனவே வலியையும் கலக்கத்தையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். 1986ல் உலக சுகாதார நிறுவனம், புற்றுநோய் வலியைப் படிப்படியாகத் தணிக்கும் முறையை வெளியிட்டது. லேசான வலிக்குப் பாராசிட்டமால் போன்றவை. கடும் வலிக்கு மார்ஃபீன். அதுவும் வலி வந்தபின் அன்று, கடிகாரம் பார்த்து வேளை தவறாமல் தர வேண்டும் என்றது.

"மார்ஃபீன் கடைசி மருந்து, அடிமையாக்கிவிடும்" என்று அஞ்சி மாத்திரையை ஒளித்துவைத்த வீட்டாரையும் கண்டிருக்கிறோம். மருத்துவர் சொன்ன அளவில், வலிக்காக உட்கொள்பவர் அடிமையாவது அரிது. மலச்சிக்கல் உண்டாகும், அதற்கும் உடன் மருந்து உண்டு.

"இது நாம் சுமக்க வேண்டிய சிலுவை அல்லவா?" என்று கேட்போரும் உண்டு. 1957 பிப்ரவரி 24ஆம் நாள், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்க மருத்துவர்களிடம் பேசுகையில், வலி தணிக்கும் மருந்தை நோயாளி ஏற்பது தவறன்று என்று தெளிவுபடுத்தினார். மருந்தை மறைப்பது பக்தி ஆகாது.

நாம் செய்யக்கூடியது என்ன? பூச்சியம் முதல் பத்துவரை வலிக்கு எண் தரும்படி நோயாளியைக் கேட்டு, ஒரு நோட்டில் குறித்து, மருத்துவரிடம் காட்டுவோம். உறக்கமின்மையையும் பயத்தையும் அவரிடம் மறைக்காமல் சொல்வோம். அவற்றுக்கும் சிகிச்சை உண்டு. "ஒன்றுமில்லை, பயப்படாதே" என்று வாயை அடைக்காமல், "எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள்?" என்று கேட்டு அருகில் அமர்வோம்.

ஒரு தாய் எங்களிடம் சொன்ன பயம், தமக்குப்பின் மகளை யார் பார்ப்பார் என்பதே. அதை அவர் தம் தம்பியிடம் மனம்விட்டுப் பேசினார். மாத்திரையும் வேளை தவறாமல் கிடைத்தது. அந்த வாரம் அவர் உறங்கினார். நம் பங்கில் எவரும் இரவில் தனியே வலியோடு விழித்திருக்கலாகாது. அதுவே இப்பொன்விழாவில் நாம் எடுக்கும் தீர்மானமாகட்டும்.