குளிர்ந்த தண்ணீர், கொதிக்கும் செயலி



ஒரு வெள்ளிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு என் அக்கா மகன் தொலைபேசியில் அழைத்தான். திருமண வீடியோ எடுத்துத் தொகுத்துக் கொடுப்பது அவன் தொழில். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வீட்டாரிடம் வேலையை ஒப்படைத்தாக வேண்டும். "மாமா, நாலு மணி நேரத்துல முடியுற வேலை ஆறு மணி நேரம் ஆகுது. நடுவுல ரெண்டு தடவை கம்ப்யூட்டர் அப்படியே நின்னு போச்சு. வோல்டேஜைக் கொஞ்சம் ஏத்திப் பார்க்கட்டுமா?" என்றான்.

நான் குளிர்சாதனப் பழுதுபார்ப்பில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன். கணினி என் தொழில் அன்று. ஆனாலும் சூட்டில் தடுமாறும் ஒரு பொருளுக்கு மின்னழுத்தத்தை ஏற்றுவது என்றதும் பயந்துவிட்டேன். "எதையும் தொடாதே தம்பி, காலையில் வருகிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவன் கணினியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருப்பது இன்டெல் செயலி. தயாரிப்பாளர் நிர்ணயித்த வேகத்துக்கு மேல் அதை ஓட்டுகிறான். இதைத்தான் இளைஞர்கள் ஓவர்கிளாக்கிங் என்கிறார்கள். வேகம் கூடினால் சூடும் கூடும். வேகத்துக்காக மின்னழுத்தத்தையும் ஏற்றினால் சூடு அதன் இருமடிப்படி ஏறும். 1.30 வோல்ட்டை 1.35 ஆக்கினால், வேகம் மாறாமலே சுமார் 8 விழுக்காடு அதிகச் சூடு. அந்தச் சூட்டை இறக்கத் தண்ணீர். செயலியின் தலைமேல் ஒரு செம்புக் கட்டி. அதன் உள்ளே மயிரிழை போன்ற செதில்கள். பம்ப் ஒன்று தண்ணீரை அந்தச் செதில்களின் ஊடே செலுத்தி, ரேடியேட்டருக்கு அனுப்பி, சிறு தொட்டிக்குத் திருப்பிக் கொண்டுவரும். நம்மூர் கார்களில் நடப்பதுதான்.

சனிக்கிழமை காலை யீஷூனில் உள்ள அவன் வீட்டுக்குப் போனேன். திரையில் மூன்று எண்கள். செயலியின் உட்பகுதி 97 டிகிரி. தாய்ப்பலகை சொன்ன செயலி வெப்பநிலை 71. தொட்டித் தண்ணீர் 33. "தண்ணி இவ்வளவு சில்லுன்னு இருக்கு மாமா. அந்த 97 பொய்யா இருக்கும். 71தான் சரி" என்று அவனே தீர்ப்பும் சொல்லிவிட்டான்.

அவன் அப்படிச் சந்தேகப்பட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த எண்களுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. இன்டெல் செயலிக்குள் இருக்கும் உணர்கருவி, "நான் இத்தனை டிகிரியில் இருக்கிறேன்" என்று சொல்வதில்லை. "என் உச்சவரம்புக்கு இன்னும் இத்தனை டிகிரி மிச்சம்" என்றுதான் சொல்லும். வரம்பிலிருந்து அதைக் கழித்துத்தான் மென்பொருள் நமக்கு எண்ணைக் காட்டுகிறது. 2006ல் வந்த கோர் 2 டுவோ காலத்தில் அந்த வரம்பு எத்தனை என்பதை இன்டெல் வெளியிடவில்லை. மென்பொருள் எழுதியவர்கள் ஆளுக்கொரு ஊகம் செய்தார்கள். ஒரே கணினியில் ஒரு மென்பொருளுக்கும் இன்னொன்றுக்கும் பல டிகிரி வேறுபாடு வந்தது. 2008ல்தான் நிறுவனம் அந்த விவரத்தைத் தந்தது. ஏஎம்டி நிறுவனமோ 2017ல் தன் ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் செயலிகளில், காற்றாடிகளின் வேகத்தைச் சீராக்குவதற்காக, உண்மை வெப்பநிலையுடன் 20 டிகிரியைச் சேர்த்தே காட்டியது. விவரம் தெரியாதவர்கள் அதைப் பார்த்துப் பதறினார்கள்.

ஆனால் என் மருமகனின் செயலிக்கு வரம்பு 100 என்பது வெளிப்படையாகத் தெரிந்த ஒன்று. அந்த உணர்கருவியும் வரம்புக்கு அருகில்தான் துல்லியமாக இருக்கும். செயலி சும்மா இருக்கும்போது காட்டும் 35, 38 போன்ற எண்களில்தான் பிசகு அதிகம். ஆகவே 97 என்றால் "இன்னும் மூன்றே டிகிரி" என்று பொருள். நம்பத்தான் வேண்டும். தாய்ப்பலகையின் உணர்கருவி செயலிக்கு வெளியே இருப்பது. அடுப்புக்குப் பக்கத்துச் சுவரைத் தொட்டுவிட்டுக் குழம்பு கொதிக்கிறதா என்று சொல்வது போலத்தான் அந்த 71.

வரம்பைத் தொட்டால் செயலி உடனே எரிந்துபோகாது. தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நாலு மணி நேர வேலை ஆறு மணி நேரம் ஆனதற்குக் காரணம் அதுதான். கூடுதல் வேகத்துக்காக இவ்வளவு செலவழித்தவனுக்குக் கிடைத்தது சாதாரண வேகத்தைவிடக் குறைவு!

மிச்சம் இருந்தது அந்த 33. எனக்கு உறுத்தியதும் அதுதான். என் தொழிலில் ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு யாரும் முடிவு சொல்ல மாட்டோம். உள்ளே போகும் காற்று எத்தனை, வெளியே வரும் காற்று எத்தனை என்று இரண்டையும் அளப்போம். பையிலிருந்த வெப்பமானியை எடுத்தேன். அறை 31 டிகிரி. செம்புக் கட்டிக்குள் தண்ணீர் நுழையும் பித்தளை இணைப்பில் 33. வெளியேறும் இணைப்பில் 42.

ஒன்பது டிகிரி வித்தியாசம்! செயலி அப்போது சுமார் 250 வாட் எடுத்துக்கொண்டிருந்தது. நல்ல பம்ப் நிமிடத்துக்கு 4 லிட்டர் தண்ணீரைத் தள்ளினால், 250 வாட் சூடு அந்தத் தண்ணீரை ஒரு டிகிரிகூட ஏற்றாது. இரண்டு குழாய்களையும் தொட்டால் வித்தியாசமே தெரியக்கூடாது. ஒன்பது டிகிரி ஏறியிருக்கிறது என்றால், ஓடுவது நிமிடத்துக்கு 0.4 லிட்டர்தான். பத்தில் ஒரு பங்கு. தண்ணீர் ரேடியேட்டரில் ஊர்ந்து ஊர்ந்து ஆறிவிடுகிறது. ஆறிய தண்ணீரைத் தொட்டியில் அளந்துவிட்டு "சில்லுன்னு இருக்கு" என்று அவன் மகிழ்ந்திருக்கிறான். அவனுக்கு ஆறுதல் தந்த எண்ணே நோயின் அறிகுறி.

செம்புக் கட்டியைக் கழற்றினோம். செதில்களின் இடைவெளியெல்லாம் பச்சைக் களிம்பு. அழகுக்காக ஊற்றிய வண்ணத் தண்ணீரின் சாயமும், மென்மையான குழாயிலிருந்து கசிந்த பிசுக்கும் சேர்ந்து அடைத்திருந்தன. பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி, வெப்பக் களிம்பைப் புதிதாகத் தடவி, சாயமில்லாத திரவத்தை ஊற்றினோம். பம்பை மட்டும் தனியே ஓட்டி, அடியில் காகிதத்தை விரித்து ஒழுகல் பார்த்தோம். பிறகு வேலையைக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். செயலியின் எண் நொடிக்கு நொடி துள்ளும். தண்ணீரின் எண் நிலைக்க அவ்வளவு நேரம் ஆகும். ஐந்தாவது நிமிடத்தில் படித்துவிட்டு முடிவு சொல்வது அவசரம்.

தண்ணீர் 33லிருந்து 37க்கு ஏறியது. செயலி 97லிருந்து 80க்கு இறங்கியது. "தண்ணி சூடாயிடுச்சே மாமா" என்றான் பையன். அதற்குத்தானே இவ்வளவு பாடு!

இதிலிருந்து அவனுக்கு இரண்டு கழித்தல் கணக்குகளை எழுதிக் கொடுத்தேன். செயலியிலிருந்து தண்ணீரைக் கழித்தால் 43. அது செம்புக் கட்டி, களிம்பு, நீரோட்டம் ஆகியவற்றின் நலம். தண்ணீரிலிருந்து அறையைக் கழித்தால் 6. அது ரேடியேட்டர், காற்றாடி ஆகியவற்றின் நலம். பழுது பார்ப்பதற்கு முன் முதல் கணக்கு 64. இரண்டாவது வெறும் 2. இதைப் பார்த்திருந்தால் 300 வெள்ளிக்குப் பெரிய ரேடியேட்டர் வாங்க அவன் திட்டமிட்டிருக்கவே மாட்டான்.

அறையின் எண்ணை விட்டுவிட்டுப் படிப்பது நம் ஊரில் பெரிய தவறு. வெளிநாட்டு வீடியோக்களில் 21 டிகிரி அறையில் சோதித்து "70தான் வருகிறது" என்பார்கள். நம் 31 டிகிரி அறையில் அதே கருவிக்கு 80 வரும். இரண்டும் ஒன்றுதான். காற்றாடி வைத்த ரேடியேட்டர் எதுவும் தண்ணீரை அறையைவிடக் குளிர்விக்காது. ஐஸ் போட்டுக் குளிர்விக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. நம் ஈரக் காற்றில் குழாய் வியர்த்துப் பலகைமேல் சொட்டும். வேண்டாம்.

வெப்பமானி காட்டாத ஆபத்து ஒன்றும் உண்டு. 2024ல் இன்டெல் தன் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சில நிலைகுலைவதற்கு, அளவுக்கு மீறிய மின்னழுத்தமே காரணம் என்று ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. சூடு அடங்கியதும் இறங்கிவிடும். மின்னழுத்தம் செய்த தேய்மானம் திரும்பாது. அவன் வெள்ளிக்கிழமை இரவு செய்ய நினைத்தது அந்த வேலைதான். சோறு போடும் கருவியை ஏன் வரம்பு மீறி ஓட்ட வேண்டும் என்பது என் கருத்து. அவன் பாதிதான் கேட்டான். மின்னழுத்தத்தை 1.25க்கு இறக்கி, வேகத்திலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தான்.

வீடியோ ஞாயிற்றுக்கிழமை மாலை போய்ச் சேர்ந்தது. மேசைமேல் இப்போது அறை வெப்பமானி ஒன்று இருக்கிறது. பச்சைத் தண்ணீர் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது என்று மட்டும் இன்னமும் முணுமுணுக்கிறான்.