இரண்டு தவணைகள்

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



‘தவணை’ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தவணைப் பரீட்சையும் றிப்போட்டும்தான். வருடத்துக்கு மூன்று தவணை. ஒவ்வொன்றின் முடிவிலும் கணக்குக் கொடுக்க வேண்டும். இன்று நாம் பேச வந்தது நாட்டின் ஜனாதிபதிக்கு உள்ள தவணை பற்றி.

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஜனாதிபதிக்குப் பெரும் அதிகாரம் கொடுத்தது. கூடவே, மக்களால் இருமுறை தெரிவானவர் மீண்டும் தெரிவாக முடியாது என்றும் சொன்னது. 2010 செப்டெம்பரில் 18 ஆவது திருத்தம் அந்த எல்லையை நீக்கியது. உயர் பதவி நியமனங்களுக்கு அரசியலமைப்புப் பேரவையின் சம்மதம் வேண்டும் என்ற நிபந்தனையும் அத்துடன் போனது. கருத்து மட்டும் சொல்லக்கூடிய பாராளுமன்றப் பேரவை அந்த இடத்துக்கு வந்தது.

இதில் என்ன ஆபத்து என்பதை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளர்ந்த நாம் புத்தகத்தில் படிக்கத் தேவையில்லை. 2007 ஜூன் 7 ஆம் திகதி, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்குக் கிழக்குக்கு அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அதிகாரத்தைப் பார்த்து ‘கூடாது’ என்று சொல்ல அன்று ஓர் இடம் இருந்தது. ஆனால் நீதியரசர்களை நியமிப்பவரும் ஜனாதிபதிதான். ஒருவரே இருபது வருடம் அந்தக் கதிரையில் இருந்தால், நீதியரசர், சட்டமா அதிபர், பொலிஸ்மா அதிபர் எல்லோரும் அவர் நியமித்தவர்களாகவே இருப்பார்கள். பிறகு ‘கூடாது’ என்று சொல்ல யார் இருப்பார்?

நல்லவர் என்றால், மக்களும் விரும்பினால், ஏன் தடுக்க வேண்டும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் நான்கு முறை தெரிவானார். அவர் மறைந்த பின், 1951 இல், இரண்டு முறைதான் என்று அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தார்கள். எல்லை என்பது கெட்டவருக்கான தண்டனை அல்ல. வைத்தியர்களாகிய எங்களுக்கு இது நன்றாகத் தெரியும். எவ்வளவு கெட்டிக்கார வைத்தியரும் முறை முடிந்ததும் நோயாளியின் விபரத்தை எழுதி அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போகவேண்டும். அவர் இல்லாவிட்டால் வாட்டு நடக்காது என்ற நிலை வந்தால் ஆபத்து நோயாளிக்குத்தான்.

உண்மையைச் சொன்னால், 2010 இல் நாங்கள் வாய் திறக்கவில்லை. போர் முடிந்து பதினாறு மாதம், பயம் போகவில்லை. செய்தியைக் கேட்டோம், வேலைக்குப் போனோம்.

2015 ஜனவரி 8 இல் மூன்றாம் முறை கேட்டவரை மக்கள் தோற்கடித்தார்கள். அதே வருடம் 19 ஆவது திருத்தம் இருமுறை எல்லையைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆறு வருடத் தவணையையும் ஐந்தாக்கியது. தனக்கு ஆறு வருடமா என்று 2018 இல் ஜனாதிபதி சிறிசேன உயர் நீதிமன்றத்தைக் கேட்டார். ஐந்துதான் என்று பதில் வந்தது. 2020 இல் வந்த 20 ஆவது திருத்தம் ஜனாதிபதிக்குப் பல அதிகாரங்களைத் திருப்பிக் கொடுத்தபோதும், இந்த எல்லையில் கைவைக்கவில்லை.

ஆனாலும் ஒருமுறை அழித்து எழுதியதை இன்னொரு முறையும் அழிக்கலாம். அன்று எந்தக் கட்சி, எந்த இனம், எவ்வளவு நல்லவர் என்று பாராமல் நாம் கேள்வி கேட்கவேண்டும்.

நமது சங்கம் நூறு வருடம் நிலைத்ததற்கு ஒரே ஒரு தலைவி காரணமல்ல. ஒவ்வொருவரும் தம் காலம் முடிந்ததும் கணக்குப் புத்தகத்தை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, சபையில் நம்மோடு வந்து அமர்ந்தார்கள். அவர்களில் சிலர் இன்றும் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களை வணங்கி விடைபெறுகிறோம்.