பேரூராட்சியில் யாரிடம் கேட்பது? ஏரியா சபை பற்றி ஒரு பேச்சு

இன்னிக்கு டெல்லி அரசியலும் இல்ல, கோட்டை அரசியலும் இல்ல. நம்ம தெருமுனை அரசியல்தான். சாக்கடை, குழாய்த் தண்ணி, வீட்டு வரி, குப்பை வண்டி. இதையெல்லாம் டீக்கடையில தினமும் பேசுறோம். ஆனா பதில் சொல்ல வேண்டியவங்க முன்னாடி பேசுறதுக்கு ஒரு சின்ன ஊர்ல இடம் இருக்கா? அதுதான் இந்த எபிசோடோட கேள்வி.

முதல்ல அடிப்படை. எங்க ஊர் பேரூராட்சி. முன்னாடி பஸ் ஸ்டாண்ட், பின்னாடி வயல். பாதி கிராமம், பாதி டவுன். கிராம ஊராட்சியில தலைவரை மக்களே நேரடியா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறாங்க. பேரூராட்சியில அப்படி இல்ல. நாம வார்டு கவுன்சிலரைத் தேர்ந்தெடுப்போம், கவுன்சிலர்கள் சேர்ந்து தலைவரைத் தேர்ந்தெடுப்பாங்க. ஆபீஸை நடத்துறது செயல் அலுவலர், நாம ‘ஈஓ’ன்னு சொல்ற அதிகாரி.

2022 பிப்ரவரி 19-ல நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தப்போ தமிழ்நாட்டுல 21 மாநகராட்சி, 138 நகராட்சி இருந்துச்சு. பேரூராட்சிகளோ கிட்டத்தட்ட 490. நம்ம நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள்ல பெரும்பாலானவை இந்த மாதிரி சின்ன ஊர்கள்தான். அந்தத் தேர்தலும் எப்போ வந்துச்சு? முந்தைய கவுன்சில்களோட பதவிக்காலம் 2016 அக்டோபர்லயே முடிஞ்சது. நடுவுல அஞ்சு வருஷத்துக்கு மேல கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர்கள் நிர்வாகம்தான். கேள்வி கேக்குற பழக்கமே விட்டுப்போச்சுன்னா அதுல ஆச்சரியம் இல்ல.

இப்போ கிராமத்தைப் பாருங்க. அரசியலமைப்புச் சட்டத்தோட 243-ஏ பிரிவுல கிராம சபை இருக்கு. வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிற எல்லாரும் அதுல உறுப்பினர். தமிழ்நாட்டுல குடியரசு தினம், மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சி தினம்னு வருஷத்துக்கு ஆறு நாள் நடக்கணும். எல்லா ஊர்லயும் ஒழுங்கா நடக்குதான்னா, இல்ல. ஆனா ஒரு பாட்டி எந்திரிச்சு “மோட்டாரு ரிப்பேருக்கு எவ்ளோய்யா செலவு பண்ணீங்க?”ன்னு கேட்டா, தலைவர் ஊருக்கு முன்னாடி பதில் சொல்லியாகணும்.

நகரத்துக்கு? 74-வது திருத்தத்துல வார்டு கமிட்டி பத்தி 243-எஸ் பிரிவு இருக்கு. ஆனா அது 3 லட்சம் பேருக்கு மேல இருக்கிற ஊர்களுக்குத்தான் கட்டாயம். அதாவது, சட்டத்துல கிராமத்துக்கு ஒரு சபை உண்டு, பெரிய நகரத்துக்கு ஒரு கமிட்டி உண்டு, நடுவுல இருக்கிற நம்ம ஊருக்கு ஒண்ணும் இல்ல. கவுன்சில் கூட்டம் நடக்கும். அங்க பேசுற உரிமை கவுன்சிலருக்குத்தான், நமக்கில்ல.

இது சும்மா ஏட்டுப் பிரச்சினை இல்ல. ரெண்டு உதாரணம் சொல்றேன்.

ஒண்ணு, 2022 ஏப்ரல்ல வந்த சொத்து வரி உயர்வு. வீட்டோட பரப்பளவு, பயன்பாட்டைப் பொறுத்து 25 சதவீதத்துல இருந்து 150 சதவீதம் வரைக்கும். 15-வது நிதிக்குழு மானியம் வாங்கணும்னா வரியைச் சீரமைக்கணும்னு நிபந்தனை இருக்குன்னு அரசு சொன்னது. அந்த வாதம் சரியா தப்பாங்கிறது தனி விவாதம். எங்க ஊர்ல திட்டு வாங்கினது யாரு தெரியுமா? வீடு வீடா வந்த பில் கலெக்டர். முடிவு எடுத்தவங்களுக்கும் வரி கட்டுறவங்களுக்கும் நடுவுல ஒரு கூட்டம்கூட இல்லாததால, கோபம் எல்லாம் கடைசியா நோட்டீஸ் கொண்டு வந்தவர் தலையில விழுந்துச்சு.

ரெண்டாவது, 2025 ஜனவரி. புதுசா 13 நகராட்சி, 25 பேரூராட்சி உருவாக்கவும், நிறைய கிராம ஊராட்சிகளைப் பக்கத்து நகரங்களோட சேர்க்கவும் அரசு முடிவெடுத்தப்போ, பல ஊர்கள்ல மக்கள் எதிர்த்தாங்க. நூறு நாள் வேலை போயிடும், வரி கூடும்ங்கிறது முக்கியமான காரணங்கள். சில ஊர்கள்ல ஜனவரி 26 கிராம சபையிலயே எதிர்ப்பைத் தெரிவிச்சாங்க. யோசிச்சுப் பாருங்க, இணைப்பு நடந்துட்டா அடுத்த தடவை இப்படி எதிர்க்கிறதுக்கு அந்தச் சபையே இருக்காது. டவுனா மாறும்போது ரோடு வரலாம், தெருவிளக்கு வரலாம். எந்திரிச்சு நின்னு கேக்குற இடம் மட்டும் போயிடும்.

அப்போ வழியே இல்லையா? இருக்கு. நிறைய பேருக்குத் தெரியல, அவ்ளோதான். 2022-ல தமிழ்நாடு அரசு வார்டு கமிட்டி, ஏரியா சபைக்கான விதிகளைக் கொண்டு வந்துச்சு. பேரூராட்சி வரைக்கும் பொருந்தும். ஒவ்வொரு வார்டையும் சில ஏரியாக்களாப் பிரிக்கணும். அந்த ஏரியா வாக்காளர்கள் எல்லாரும் சபையில உட்காரலாம், பேசலாம். வருஷத்துக்கு நாலு தடவை: ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. முதல் கூட்டங்கள் 2022 நவம்பர் 1-ல நடந்துச்சு. பம்மல்ல நடந்த கூட்டத்துல முதலமைச்சரே கலந்துகிட்டார்.

எங்க வார்டு ஏரியா சபைக்கு நான் போனேன். அங்க நடந்ததைச் சொல்றேன்.

எங்க தெருவுல புதுசா ஒரு வடிகால் கட்டியிருந்தாங்க. தெருவை விட அரை அடி உயரம். மழை பெஞ்சா தண்ணி வடிகாலுக்குள்ள இறங்காம வீட்டுக்குள்ள ஏறும். கடைசி வீட்டுல இட்லிக் கடை வச்சிருக்கிற அக்கா, மழை ராத்திரில மாவு அண்டாவைக் கட்டில் மேல தூக்கி வச்சுட்டு விடிய விடிய முழிச்சிருப்பாங்க. மாவு போச்சுன்னா மறுநாள் வியாபாரம் போச்சு. கவுன்சிலர் வீட்டுக்குப் போனா அவங்க கணவர்தான் வெளிய வந்து “பார்த்துக்கலாம் தம்பி”ம்பாரு. ஆன்லைன்ல புகார் குடுத்தோம். ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ன்னு போட்டு மூடிட்டாங்க. நான் சாஃப்ட்வேர் வேலை பாக்குறவன். எங்க டீம்ல ஒரு டிக்கெட்டை மூடணும்னா என்ன சரி பண்ணினோம்னு எழுதணும், அதை இன்னொருத்தர் சோதிச்சுப் பார்க்கணும். இங்க புகார் குடுத்தவங்க வீட்டுல தண்ணி நிக்கும்போதே டிக்கெட் குளோஸ்!

ஏரியா சபை அறிவிப்பு பேரூராட்சி ஆபீஸ் போர்டுல ஒரே ஒரு தாள். வேலை நாள், காலையில 11 மணி, அங்கன்வாடிக் கட்டடம். வந்தது பதினெட்டு பேர். அக்கா கடையை மூடிட்டு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: “இந்த வாய்க்கா தண்ணி கடைசியா எங்க போய்ச் சேரும் சார்?”

கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் பொறியாளர் எஸ்டிமேட்டைப் புரட்டிப் பார்த்துட்டுச் சொன்னார். வடிகால் மெயின் ரோட்டு ஓரம் வரைக்கும்தான். ரோட்டுக்கு அடியில சிறுபாலம் கட்டினாத்தான் தண்ணி ஓடைக்குப் போகும். ஆனா அந்த ரோடு நெடுஞ்சாலைத் துறையோடது, அதனால எஸ்டிமேட்ல அது வரவே இல்ல. இவ்ளோ நாளா எங்களுக்கு யாரும் சொல்லாத விஷயம் ரெண்டு நிமிஷத்துல வெளிய வந்துடுச்சு.

இன்னொண்ணும் கவனிச்சேன். அன்னிக்குப் பதில் சொன்னது கவுன்சிலர் அம்மாதான். கணவர் வாசல்ல நின்னாரு. உள்ளாட்சியில பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு இருக்கு. ஆனா கேள்வி வீட்டு வாசலுக்குப் போற வரைக்கும் பதில் கணவர்கிட்டதான் இருக்கும். சபைக்கு வந்தா, பேசுறவங்க பேர் பதிவேட்டுல ஏறும். அவங்களும் அவங்க கஷ்டத்தைச் சொன்னாங்க. பேரூராட்சி கவுன்சிலருக்கு மாச மதிப்பூதியம் 2,500 ரூபாய். அதுவும் 2023-லதான் வந்துச்சு. “பத்து தடவை கேட்டாலும் நிதி இல்லேங்கிறாங்க தம்பி, நீங்க இப்படிக் கூட்டமா வந்து கேட்டா எனக்கும் பலம்”னாங்க. எனக்கு அது நியாயமாத்தான் பட்டுச்சு.

சிறுபாலம் இன்னும் வரல. கவுன்சில் தீர்மானம் போட்டு நெடுஞ்சாலைத் துறைக்குக் கடிதம் போயிருக்கு. அந்தக் கடிதத்துக்கு ஒரு எண் இருக்கு, தேதி இருக்கு. அதை வச்சு நாங்க அடுத்த ஆபீஸ்ல கேக்குறோம். அக்கா இப்பவும் மழைன்னா அண்டாவைத் தூக்கித்தான் வைக்கிறாங்க. ஆனா யார்கிட்ட கேக்கணும்னு தெருவுக்கே இப்போ தெரியும்.

சரி, நீங்க என்ன செய்யலாம்? உங்க வார்டு எண், கவுன்சிலர் பேர், உங்க ஏரியா எதுன்னு ஆபீஸ்ல கேட்டு வச்சுக்கங்க. நாலு தேதியையும் போன்ல ரிமைண்டர் போடுங்க. ஒரு வாரம் முன்னாடியே எங்க, எத்தனை மணிக்குன்னு விசாரிங்க, தெரு வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. கேள்வியை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, ஒப்புதல் வாங்குங்க. கூட்டமே நடக்கலைன்னா, அந்தத் தேதிக்கான கூட்ட நடவடிக்கைக் குறிப்போட நகல் கேட்டு ஆர்டிஐ போடுங்க. பத்து ரூபாய் கட்டணம், 30 நாள்ல பதில் வரணும். ரோடு, வடிகால்னா எஸ்டிமேட்டையும் எம்-புக் நகலையும் சேர்த்துக் கேளுங்க. எவ்வளவு அளவுக்கு வேலை நடந்ததுன்னு அளந்து எழுதுறது எம்-புக்லதான்.

முக்கியமா, தனியாப் போகாதீங்க. ஒருத்தர் போனா அது புகார், பதினெட்டு பேர் போனா அது சபை. முடிஞ்சா இட்லிக் கடை அக்கா மாதிரி, அந்தத் தண்ணியில நிக்கிறவங்களைப் பேச விடுங்க. நம்மள மாதிரி படிச்சவங்க பக்கத்துல உட்கார்ந்து குறிப்பு எடுத்தாப் போதும்.

உங்க வார்டுல ஏரியா சபை நடந்துச்சா, என்ன கேட்டீங்க, என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க. நடக்கவே இல்லைன்னாலும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பேரூராட்சி பட்ஜெட்டை எப்படிப் படிக்கிறதுன்னு பார்ப்போம்.